நாற்பத்தெட்டுக்குக் கீழே

அநியாயம் நடந்தது பேச்சித்தாய்க்கு. நடத்தியவர் வேதநாயகி மேடம், அதுவும் வகுப்பில் முப்பத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருக்க. ஹைப்போ உப்பை, அதாவது சோடியம் தயோசல்பேட்டை, உருக்கி, ஆறவிட்டு, நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்த வெப்பநிலை அளவுகள் அவளுடைய ரெக்கார்டு நோட்டின் பதினேழாம் பக்கத்தில் இருந்தன. அவற்றின் மேல் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு இழுத்து, அடியில் ‘கற்பனை’ என்று ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தார். ரெக்கார்டில் கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு அனுமதி இல்லை. அனுமதிப் பட்டியல் இன்று நான்கு மணிக்குத் துறைத்தலைவர் அறைக்குப் போகிறது. அதற்குள் ‘அளவுகளை நானே கற்பனையாக எழுதினேன், மன்னிக்கவும்’ என்று கடிதம் கொடுத்தால் கையெழுத்து. கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. பேச்சி கொடுக்க மாட்டேன் என்கிறாள். அதையும் சத்தமாகச் சொன்னாளா, இல்லை. கீழே பார்த்துத் தலையை இரண்டு முறை ஆட்டினாள், அவ்வளவுதான். நான்தான் இன்று காலை மேடத்தின் பின்னாலேயே மாடிப்படி இறங்கி, இறங்கும்போதே பேசி, கடைசிப் படியில் ஒரு சலுகை வாங்கினேன். இன்னொரு முறை செய்து பார்க்கலாம், மூன்றரைக்கு அவர் வந்து பார்ப்பார். ஆனால் செய்யப்போவது பேச்சி இல்லை. “நீ நம்பிக்கையான பொண்ணு, நப்பின்னை. நீ செய். அவ வெளியில உட்காரட்டும்.” நம்பிக்கையான பொண்ணு. அந்தச் சொல் காலையிலிருந்து எனக்குள் செருப்புக்குள் கல் மாதிரி கிடக்கிறது. இப்போது மணி இரண்டு ஐம்பது. லேபில் நான் மட்டும். கதவின் கண்ணாடிச் சதுரத்துக்கு அப்பால், வராந்தா பெஞ்சில், பேச்சியின் பின்னல் மட்டும் தெரிகிறது. தெர்மாமீட்டரில் எழுபது.

அறுபத்தெட்டு. தாளில் எழுதுகிறேன். எழுதும்போது மேசை ஆடக் கூடாது. மூச்சுகூட ஓரமாக விட வேண்டும், ஏனென்றால் இந்த டெஸ்ட் டியூபுக்குள் இருப்பது இனிமேல் கோபித்துக்கொள்ளக் கூடிய வஸ்து. அரை மணி நேரம் முன்னால் இது கற்கண்டுத் துண்டு மாதிரி உடைந்த கட்டிகளாக இருந்தது, குழாயைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் போட்டது. வெந்நீரில் இறக்கினேன். ஓரங்கள் வியர்த்தன, முனைகள் மழுங்கின, பிறகு கட்டி தன்னையே விட்டுக்கொடுக்கிற மாதிரி சரிந்து தெளிந்துவிட்டது. இதில் நான் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. அந்தப் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் இருந்தது. ஒவ்வொரு துகளோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் வரிசை தவறாமல் கட்டிப்போடப்பட்டிருந்தன. சூடு பட்டதும் கட்டு அவிழ்ந்து, தன் தண்ணீரில் தானே கரைந்து நிற்கிறது. முதல் முறை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். தொட்டால் உலர்ந்த கல், உள்ளே ஒரு குளம். இதை எங்களுக்கு ஆறாம் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. திடப்பொருளுக்குத் தனி வடிவம் உண்டு, திரவம் பாத்திரத்தின் வடிவத்தை ஏற்கும், வாயு கிடைத்த இடம் முழுவதும் பரவும், மூன்று வரி, மூன்று மதிப்பெண். எழுந்து, மணலும்தானே சார் பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கிறது, அப்படியென்றால் மணல் திரவமா என்று கேட்டேன். வாய்க்கொழுப்பு என்று வெளியில் நிறுத்தினார். வெளியில் நின்றுகொண்டே அடுத்த கேள்வியையும் யோசித்தேன், தயிர் எந்தக் கட்சி? அன்றைக்கு ஆரம்பித்ததுதான் என்னுடைய இந்த வழக்காடும் புத்தி. விடுதி கதவை ஆறு மணிக்குப் பூட்டுவது பற்றி வார்டனோடு, பேச்சுப் போட்டியில் நடுவரோடு, பஸ்ஸில் கண்டக்டரோடு. பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். தெரியும் என்று இந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன். அறுபத்து மூன்று.

ஐம்பத்தொன்பது. அன்றைக்கும் இதே மேசை, இதே ஜன்னல் பக்கம். நாங்கள் இருவரும் ஒரு ஜோடி. ஒரு குழாய், ஒரு தெர்மாமீட்டர், இரண்டு பேர். லேபில் அப்படித்தான், ஒருத்தி வாசிப்பாள், ஒருத்தி எழுதுவாள், பிறகு இரண்டு பேரும் தனித்தனி ரெக்கார்டில் பார்த்து எழுதிக்கொள்வோம். அன்றைக்கு வாசித்தது யார்? இதோ, இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் யோசனை ஒரு ஆணியில் மாட்டிக்கொள்கிறது, புடவை மாட்டுகிற மாதிரி, இழுத்தால் கிழியும். வாசித்தது நான். குரல் இருக்கிறவள் வாசி, கை நேராக இருக்கிறவள் எழுது என்று நானே பிரித்தேன். நாற்பத்தெட்டு என்று வாசித்தேன், அங்கே நின்றுவிடும், உறையத் தொடங்கும், வெப்பநிலை கொஞ்ச நேரம் அசையாது என்று எதிர்பார்த்தோம். நிற்கவில்லை. நாற்பத்தேழு, நாற்பத்தைந்து, நாற்பத்திரண்டு என்று வாசித்துக்கொண்டே போனேன். உள்ளே தண்ணீர் மாதிரித் தெளிவு. முப்பத்தாறு என்று வாசித்த பிறகு, கலக்கியை லேசாகத் தொட்டேனோ என்னவோ, ஒரு நொடியில் குழாய் வெளுத்துப்போய், பாதரசம் மேலே ஏற ஆரம்பித்தது. பேச்சிதான் முதலில் பார்த்தாள். “ஏட்டி, ஏறுதுட்டி” என்றாள், கோவிலில் பேசுகிற குரலில். அவளுக்குத் தூத்துக்குடிப் பக்கம், உப்பளத்தில் வேலை செய்கிற வீடு. பாத்தியில் நீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், பார்த்துக்கொண்டே இருந்தால் திடீரென்று மேலே ஒரு உப்புப் பூ மிதக்கும், எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது, வந்தது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்பாள். அவள் எழுதினாள். முப்பத்தாறு, நாற்பத்தொன்று, நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு. அந்த எண்கள் ஒவ்வொன்றும் என் வாயிலிருந்து அவள் காதுக்குப் போனவை. மேடம் ‘கற்பனை’ என்று எழுதியது என் குரலின் மேல்.

ஐம்பத்து நான்கு. குழாயின் உள்பக்கம், வாய்க்கு ஒரு விரல் கீழே, ஒரு வெள்ளைப் பொட்டு. முன்பு கவனிக்கவில்லை. உருகாமல் மேலே ஒட்டிக்கொண்ட ஒரு துணுக்கு, கடுகில் பாதி. அது விழுந்தால் போச்சு. திரவம் உறைநிலைக்குக் கீழே இறங்கியும் திரவமாகவே இருக்கிறது என்றால் அதற்குக் காரணம், எப்படித் தொடங்குவது என்று அதற்குத் தெரியாததுதான். கோடிக்கணக்கான துகள்கள், எல்லாவற்றுக்கும் வரிசையில் நிற்க அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் முதல் வரிசையில் யார் நிற்பது? ஏற்கனவே வரிசையாக நிற்கிற ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும், அதைப் பார்த்து எல்லாம் சேர்ந்துகொள்ளும். இப்போது ஐம்பத்து நான்கில் விழுந்தால் கரைந்துவிடும், பாதகமில்லை. நாற்பத்தெட்டுக்குக் கீழே போனதும் விழுந்தால், நான் நாற்பத்தேழு என்று எழுதும்போதே உறைந்துவிடும், மேடம் வந்து பார்த்து, புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறதே என்பார். குச்சி விட்டுத் தட்டிவிடலாமா? தட்டினால் குழாய் ஆடும், ஆட்டம் போதும் சில சமயம். மறுபடி சூடாக்கலாமா? மணி மூன்று ஆகப்போகிறது, நேரம் இல்லை. அது அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கட்டும். ஐம்பத்திரண்டு. இவ்வளவு சின்னதைப் பார்த்து இதற்கு முன் நான் பயந்ததில்லை. கரப்பான்பூச்சிகூட இதைவிடப் பெரிது.

நாற்பத்தெட்டு. சரியாக நாற்பத்தெட்டு. கை தானாகத் தொடையை அழுத்துகிறது. நில்லாதே, நில்லாதே. எல்லோரும் நிற்கச் சொல்கிற இடம் இது. சீனியர் அக்காக்களின் ரெக்கார்டுகளில், அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களின் ரெக்கார்டுகளில், கோடு அழகாக இறங்கி வந்து இங்கே படிக்கட்டு மாதிரிச் சமமாகி, பிறகு மறுபடி இறங்கும். எங்கள் துறையில் அதற்கு ஒரு பேச்சு உண்டு, ரீடிங் சமைப்பது என்று. விடை தெரியும், விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அளவுகளை எழுதிவிட வேண்டியது. கொஞ்சம் இயற்கையாக இருக்கட்டும் என்று ஒன்றிரண்டு இடத்தில் அரை டிகிரி தள்ளிப்போடுவது உப்புக் காரம் சேர்ப்பது. வழிவழியாக வரும் சமையல் குறிப்பு, விடுதியில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும். நான் சமைப்பவர்களைத் திட்டியவள். மேடையில் பேசியிருக்கிறேன், அளவெடுக்கத் தெரியாத நாடு என்றெல்லாம், கைதட்டலும் கிடைத்தது. அந்த நான் ரெக்கார்டு எழுத உட்கார்ந்தபோது ஒரு பக்கம் பேச்சி எழுதிய ரஃப் தாள், ஒரு பக்கம் சீனியரின் படிக்கட்டு. ரஃப் தாளில் கோடு பள்ளத்தில் விழுந்து ஏறி வந்தது, அசிங்கமாக, பல் விழுந்த வாய் மாதிரி. எங்கேயோ தப்பாக வாசித்திருக்கிறேன் என்று நினைத்தேன். இல்லை, அதுகூட இல்லை. நினைக்கவே இல்லை. பென்சிலை எடுத்தேன், பள்ளத்தை நிரப்பினேன். பத்து நிமிட வேலை. மேடம் பச்சை மையில் ‘நன்று’ என்று எழுதினார். பேச்சி அழிக்காமல் எழுதினாள், சிவப்பு மை. நாற்பத்தேழரை. இறங்குகிறது. இறங்குகிறது! தெளிவாகவே இருக்கிறது, ஒரு மேகம்கூட இல்லை.

நாற்பத்தைந்து. இந்த நிமிடம் உலகத்தில் இதைப் பார்ப்பவள் நான் ஒருத்திதான். ஒரு திரவம், திரவமாக இருக்க உரிமை முடிந்துபோன பிறகும் திரவமாக இருக்கிறது. குழாய்க்குப் பின்னால் ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரிகின்றன, அதற்கும் பின்னால் வேப்பமரம் தலைகீழாக, அதில் ஒரு காக்கை, அதுவும் தலைகீழாக. எவ்வளவு அமைதி. ஆனால் அமைதி என்பது என் கண்ணின் அறியாமை. உள்ளே ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு, நழுவிக்கொண்டு, நொடிக்குக் கோடானுகோடி முறை ஏதோ இரண்டு மூன்று சேர்ந்து வரிசையாக நின்று பார்க்கின்றன, போதாது என்று கலைகின்றன, மறுபடி நின்று பார்க்கின்றன. கொஞ்சம் பெரிய கூட்டமாகச் சேர்ந்தால் பிழைக்கும், அதற்குக் குறைந்தால் கரையும். இதை நினைத்தால் இந்த அறையில் எதுவும் சும்மா இருப்பதாகத் தோன்றவில்லை. மேசை மரம் மேசையாக இருப்பதற்குப் பாடுபடுகிறது. காற்று என்று நாம் சொல்வது என் கன்னத்தை ஒவ்வொரு கணமும் எண்ண முடியாத தடவை அறைகிறது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அறைவதால் எனக்கு வலிக்கவில்லை. விடுதி அலமாரியில் அந்துருண்டை போட்டுவைத்தோம், வெள்ளைக் கோலிக்குண்டு மாதிரி, தரையில் போட்டால் டக்கென்று சத்தம். இரண்டு மாதத்தில் மிளகளவு ஆகிவிட்டது. எங்கேடீ போச்சு என்று நான் கேட்டதற்கு பேச்சி மூக்கைத் தொட்டுக் காட்டினாள். உருகாமலே, ஈரமாகாமலே, அந்தக் கோலி காற்றாகி, எங்கள் பாவாடை மடிப்புகளுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போயிருக்கிறது. திடம் என்று நான் நம்பியதெல்லாம் கிளம்பத் தயாராக இருக்கிறது. அப்படியென்றால் நானும். என் எலும்புக்குள் ஈரம், ஈரத்துக்குள் காற்று, எல்லாம் முப்பத்தேழு டிகிரியில் இப்படி ஒரு பெண்ணாக நிற்பதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறது, எவ்வளவு நாளைக்கோ. நாற்பத்திரண்டு.

கதவு லேசாகத் திறந்தது, உயிரே போய் வந்தது. லேப் உதவியாளர் சேவியர் அண்ணன். தண்ணியை இப்படி முறைத்துப் பார்த்தால் அது வெட்கப்பட்டு ஆறாதாம். கையை ஆட்டி, உதட்டில் விரல் வைத்து, போங்கள் என்று காட்டினேன். அவர் என்னை வாயை மூடிய நிலையில் இதுவரை பார்த்ததில்லை போலும், வெளியில் போய் பேச்சியிடம் உங்க சிநேகிதிக்குக் காய்ச்சலா என்று விசாரித்தது கண்ணாடி வழியாகக் கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்பது.

முப்பத்தொன்பது. வேதநாயகி மேடத்தை நான் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுலபம். முடியவில்லை. பொய்யளவு எழுதுகிறவர்களைக் கண்டால் அவருக்கு உடம்பு நடுங்கும், நான் பார்த்திருக்கிறேன். போன பருவத்தில் ஒருத்தி தனி ஊசல் சோதனைக்கு அளவுகளைச் சமைத்துக்கொண்டு வந்தபோது நோட்டை மூடி, பொய் சொல்லணும்னா உலகத்துல ஆயிரம் வேலை இருக்கு, இங்கே மட்டும் வேண்டாம்மா என்றார். அதைக் கேட்டுத்தான் அவரை எனக்குப் பிடித்தது. அவர் செய்த தவறு கணக்கில் இல்லை. ஒரே மேசை, ஒரே குழாய், ஒரே மணி நேரம், இரண்டு ரெக்கார்டுகள், இரண்டும் வேறு வேறு. ஒன்று பொய் என்று கண்டுபிடித்தார், சரிதானே? உறைநிலைக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரி இறங்கும் என்று எனக்குத் தெரியாதா, பன்னிரண்டா, அதுவும் உன் ஜோடியின் நோட்டில் அந்தப் பள்ளமே இல்லையே என்றுதான் பேச்சியிடம் கேட்டார். என் நோட்டைத் திறந்து அவள் நோட்டின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என் நோட்டைச் சாட்சியாக வைத்தார். எல்லோரும் புத்தகத்தையே சமைக்கிற ஊரில், புத்தகம் மாதிரி இல்லாதது மட்டும்தான் பொய்யாகத் தெரியும். மேடம், சமைக்கிறவள் எவளாவது தட்டில் வைத்ததும் மாட்டிக்கொள்கிற மாதிரிச் சமைப்பாளா? நல்ல வாதம். அந்த நேரமே தோன்றிய வாதம். நாக்கின் நுனி வரை வந்து நின்றது. ஏன் சொல்லவில்லை என்றால், அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் உன் நோட்டு? வகுப்பு முழுக்க என்னைப் பார்த்திருக்கும். பேச்சியும் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. குற்றம் சாட்டுகிற பார்வை என்றால் தாங்கியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன்கூட. அவள் பார்த்தது, மழை வருகிறதா என்று வானத்தைப் பார்க்கிற மாதிரி. பிறகு, ‘பார்த்ததைத்தான் எழுதினேன், மேடம்’ என்றாள். வாசித்தது நப்பின்னை என்று சொல்லவில்லை. இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்.

முப்பத்தேழு. அறையின் சூடே முப்பத்திரண்டு, இனி மெதுவாகத்தான் இறங்கும். மணி மூன்று இருபது. இப்போது எனக்குள் ஒரு வெட்கம் கெட்ட நிம்மதி வளர்கிறது, அதைப் பார்க்கிறேன், அதுவும் சூடாக இருக்கிறது. மேடம் வருவார், முப்பத்தைந்து டிகிரியில் தெளிவாக நிற்கும் திரவத்தைப் பார்ப்பார், நான் அவர் கண் முன்னால் ஒரு துணுக்கைப் போடுவேன், பாதரசம் ஏறும், பேச்சி பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடும், கையெழுத்து விழும். என் நோட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஏதோ இவள் வேறு தாளைப் பார்த்து எழுதியிருப்பாள் என்று விட்டுவிடுவார்கள், சந்தோஷத்தில் எவ்வளவோ விடுபட்டுப் போகும். ஹைப்போ எனக்காகப் பேசட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாயில்லாத ஒரு உப்பை வக்கீலாக வைத்துக்கொண்டு. கூட்டத்தில் முதல் ஆள் எழுந்திருக்காத வரைக்கும் எல்லோரும் உட்கார்ந்திருப்பதும் இதுவும் ஒன்றுதான் என்று ஒரு யோசனை வருகிறது. வேண்டாம், அந்த ஒப்புமை எனக்குப் பிடிக்கவில்லை, மூலக்கூறுக்குப் பயம் கிடையாது, அது கோழைத்தனத்தால் திரவமாக இல்லை. அதன் மேல் என் பழியைப் போடக் கூடாது. முப்பத்தாறு. முப்பத்தைந்தரை.

முப்பத்தைந்து. வராந்தாவில் செருப்புச் சத்தம், பேச்சியின் பின்னல் எழுந்து நிற்கிறது. கண்ணாடிச் சதுரத்தில் மேடத்தின் நீலப் புடவைத் தோள். உள்ளே வரவில்லை. பேச்சியிடம் நின்று பேசுகிறார். கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுக்கிறார், பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி நீட்டுகிறார். இன்னும் உள்ளே வந்து பார்க்கவே இல்லை, அதற்குள் கடிதம்! முதலில் எழுதிவிடு, பிறகு பார்க்கலாம் என்பதா? பார்க்காமலே தீர்ப்பா? எப்போது எழுந்தேன் என்று தெரியாது. முழங்கால் மேசையில் இடித்தது. ஸ்டாண்டு ணங்கென்று ஒரு சத்தம் போட்டது, சின்னச் சத்தம், கோவில் மணியில் நகம் பட்ட மாதிரி. துணுக்கு விழுந்தது. அது விழுந்ததைப் பார்த்தேன். மெல்ல, தெளிந்த நீரில் ஒரு அரிசி இறங்குவது போல, பாதி தூரம்கூடப் போகவில்லை. அது நின்ற இடத்திலிருந்து ஊசிகள் கிளம்பின. எல்லாப் பக்கமும், வெள்ளையாக, பளபளவென்று, ஒன்றிலிருந்து நூறு, நூறிலிருந்து எண்ண முடியாமல், வேர் ஓடுவதை ஒரு வருடத்துக்குப் பதில் பத்து நொடியில் பார்த்த மாதிரி. சுவரைத் தொட்டதும் மடங்கி, கீழே ஓடி, தெர்மாமீட்டரின் குமிழைச் சுற்றிக்கொண்டு, கீழ்வளைவு வரை நிரப்பி, வேப்பமரமும் காக்கையும் ஜன்னல் கம்பியும் மறைந்துபோய், குழாய் முழுவதும் பட்டுமாதிரி ஒரு வெண்மை. சத்தமே இல்லை. நான் உள்ளங்கையால் குழாயைப் பிடித்தேன், சூடு. யாரும் தீ மூட்டவில்லை, யாரும் எதையும் ஊற்றவில்லை. கட்டிலிருந்து விடுபட வாங்கிய சூட்டையெல்லாம் இவ்வளவு நேரமும் திருப்பித் தராமல் வைத்திருந்து, வரிசையில் வந்து நின்றதும் அள்ளி என் கையில் கொட்டுகிறது. பாதரசம் ஏறியது. முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு. எனக்கு அழுகை வந்தது, பேச்சிக்காக இல்லை, பயத்தால் இல்லை, கெட்டுப்போயிற்றே என்றும் இல்லை. இப்படி ஒன்று நடக்கிறது, நாங்கள் இல்லாவிட்டாலும் நடக்கும், யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இதே மாதிரி நடக்கும் என்பதற்காக. இதை நான் பென்சிலால் அழித்தேன். இதன் மேல் ஒரு படிக்கட்டு வரைந்தேன். நாற்பத்தெட்டு. அங்கே வந்து நின்றது, அசையாமல், புத்தகத்தில் எழுதியிருக்கிற மாதிரியே.

கதவு திறந்தது. முன்னால் மேடம், பின்னால் பேச்சி, அவள் கையில் அந்த வெள்ளைத் தாள், வெள்ளையாகவே. பேனாவை மேடமே பிடித்திருந்தார். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தெர்மாமீட்டரைப் பார்த்தார். நாற்பத்தெட்டு. குழாயைப் பார்த்தார். கெட்டி. என் தாளை எடுத்து மேலிருந்து கீழே படித்தார். முப்பத்தைந்துக்குப் பிறகு நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. இடித்துவிட்டேன் மேடம், இப்போதுதான், ஒரு நிமிடத்துக்கு முன்னால் என்றேன். என் குரல் எனக்கே சமைத்த மாதிரிக் கேட்டது. அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சிநேகிதிக்காக ஒரு பெண் என்னவெல்லாம் எழுதுவாள் என்று தனக்குத் தெரியும் என்றார். இதே சோதனைக்கு உன் கையெழுத்தில் இரண்டு தாள் இருக்கிறது, போன மாதம் ஒன்று, இன்றைக்கு ஒன்று, நான் எதை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். மணி மூன்று முப்பத்தெட்டு. குழாய் ஆறிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்து இனி யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது, கெட்டியான உப்புக்குத் தான் எந்த வழியாக வந்தோம் என்று சொல்லத் தெரியாது. பேச்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் வாதம் இருந்தது. ஒன்றல்ல, நாலைந்து. அறையின் ஈரப்பதம் பற்றி ஒன்று, இன்னொரு தடவை செய்ய ஒரு மணி நேரம் கேட்டு ஒன்று, பட்டியலை நாளைக்கு அனுப்பினால் என்ன என்று ஒன்று. எல்லாமே நல்ல வாதங்கள், வரிசையாக வந்து நின்றன, எதிலும் நான் இல்லை.

மேடம் பேனாவை மூடிவிட்டு, என்னைப் பார்க்காமல், பேச்சியைத்தான் கேட்டார், அன்னைக்கு தெர்மாமீட்டரைப் பார்த்து வாசிச்சது யாரும்மா என்று. கேள்வி அவளிடமே இருந்தது, அவள் அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு நின்றாள், இன்னும் ஒரு வருடம்கூட அப்படியே நின்றிருப்பாள்.

“நான்தான் மேடம் வாசிச்சேன். முப்பத்தாறுன்னு சொன்னது நான், ஏறுதுன்னு அவ சொன்னதும் திரும்பப் பார்த்து நாற்பத்தொண்ணு, நாற்பத்தாறுன்னு சொன்னதும் நான். அவ கேட்டதைக் கேட்டபடி எழுதினா. நான் ரூமுக்குப் போய் அதையெல்லாம் அழிச்சிட்டு, சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினேன். நீங்க கற்பனைன்னு எழுத வேண்டியது என் பக்கத்துல, மேடம். நோட்டு பையிலதான் இருக்கு, எடுத்துத் தரேன்.”